ஒளிக்காத ஆட்டம்: மார்செலோ கார்சியாவின் களமும் பயிற்சிக்கூடமும்

2003-ஆம் ஆண்டு பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் நடந்த ஏடிசிசி என்னும் பிடிச்சண்டை உலகப் போட்டிக்கு, பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரரான மார்செலோ கார்சியா நேரடியாகத் தகுதி பெற்றிருக்கவில்லை. தகுதிச்சுற்றில் தோற்றுப்போயிருந்த அந்த இருபது வயது இளைஞரை, கடைசி நேரத்தில் காலியான ஓர் இடத்தை நிரப்புவதற்காகத்தான் அழைத்தார்கள். 77 கிலோவுக்கு உட்பட்ட அந்தப் பிரிவில், ஜியு-ஜிட்சுவைப் பிரேசிலில் வளர்த்த குடும்பத்தின் பெயர்பெற்ற வீரரான ரென்சோ கிரேசியும், 'ஷாவோலின்' என்று அழைக்கப்பட்ட மூன்று முறை உலகச் சாம்பியன் விட்டோர் ரிபெய்ரோவும் இருந்தார்கள். கார்சியா ரென்சோவை வென்றார். ரிபெய்ரோவுடனான ஆட்டம் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. கார்சியா அவருடைய முதுகுக்குப் பின்னால் சென்று கழுத்தை இறுக்கியதில், தட்டிச் சரணடைவதற்கு முன்பே ரிபெய்ரோ நினைவிழந்துவிட்டார். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கரான ஓட்டோ ஓல்சனும் தோற்க, அழையா விருந்தாளியைப் போல வந்தவர் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்.

இந்த வெற்றியின் அளவைப் புரிந்துகொள்ள, போட்டியின் தன்மையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானிய ஜூடோ வீரரான மிட்சுயோ மயேதா 1914-இல் பிரேசிலுக்கு வந்து, பின்னர் அமேசான் பகுதியிலுள்ள பெலெம் நகரில் கற்றுக்கொடுத்த கலையைக் கார்லோஸ் கிரேசியும் அவருடைய சகோதரர்களும் ரியோ டி ஜெனிரோவுக்குக் கொண்டு சென்று வளர்த்தார்கள்; எதிராளியைத் தூக்கி எறிவதோடு நிற்காமல், தரையில் கட்டுப்படுத்திக் கழுத்தை நெரித்தோ மூட்டை மடக்கியோ சரணடைய வைப்பதை மையமாகக் கொண்டு அது பிரேசிலிய ஜியு-ஜிட்சுவாக வளர்ந்தது. கிமோனோ என்னும் தடித்த சீருடை அணிந்து ஆடும் உலகச் சாம்பியன் போட்டி 1996 முதல் நடந்துவருகிறது. ஏடிசிசி என்பது 1998-இல் அபுதாபியின் ஷேக் தஹ்னூன் பின் சயீத் தொடங்கியது. அதில் கிமோனோ தேவையில்லை, ஆகவே மல்யுத்தம், ஜூடோ, ரஷ்யப் பிடிச்சண்டைக் கலையான சாம்போ என எந்தப் பின்னணியிலிருந்தும் வீரர்கள் வரலாம். கிமோனோ இருந்தால் காலரும் கைப்பகுதியும் கைப்பிடிகளாகின்றன, ஆட்டத்தின் வேகம் குறைகிறது. அது இல்லாதபோது வியர்வையில் வழுக்கும் உடலை உடலால்தான் பிடிக்க வேண்டும். ஒன்றில் சிறந்தவர்கள் மற்றொன்றில் தடுமாறுவது இந்த விளையாட்டில் வழக்கமானது. கார்சியா தடுமாறவில்லை என்பதே அவரைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு உரிய இடம்.

அவர் 1983 ஜனவரி 17 அன்று மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் ஃபோர்மிகா என்னும் ஊரில் பிறந்தார். போர்த்துகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு எறும்பு என்று பொருள். தன்னைவிடப் பெரியவற்றைச் சுமக்கும் உயிரின் பெயரைக் கொண்ட ஊரிலிருந்து, தன்னைவிடக் கனமானவர்களைத் தேடித் தேடி மோதிய ஒருவர் வந்தது தற்செயல்தான். சிறுவயதில் ஜூடோவும், பதின்பருவத்தில் ஜியு-ஜிட்சுவும் கற்ற அவர், பெரிய நகரங்களின் புகழ்பெற்ற கூடங்களிலிருந்து வெகுதூரத்தில் வளர்ந்தார். பின்னர் சாவ் பாவ்லோவுக்குச் சென்று, அலையன்ஸ் என்னும் அணியின் நிறுவனர்களில் ஒருவரான ஃபாபியோ குர்ஜெலிடம் சேர்ந்தார்.

அப்போது அலையன்ஸ் அணி நொந்துபோயிருந்த காலம். 1993-இல் ரொமேரோ 'ஜக்கரே' காவல்காந்தியும், அவருடைய மாணவர்களான குர்ஜெலும் அலெக்ஸாண்ட்ரே பைவாவும் ஒன்றுசேர்ந்து தொடங்கிய அந்த அணியிலிருந்து, 2002-ஐ ஒட்டி அதன் முன்னணி வீரர்கள் பலர் பிரிந்து சென்று தனி அணி அமைத்திருந்தார்கள். எஞ்சியிருந்த குர்ஜெலுக்குப் புதிய தலைமுறை தேவைப்பட்டது. உள்ளூர்ப் போட்டிகளுக்கு வெளியே பெயர் தெரியாத கார்சியாவுக்கு ஓர் இல்லமும் ஆசானும் தேவைப்பட்டார்கள். ஆசான் வழியில் பார்த்தால், ரோல்ஸ் கிரேசியிடமிருந்து ஜக்கரே, அவரிடமிருந்து குர்ஜெல், அவரிடமிருந்து கார்சியா என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. மல்யுத்தத்தையும் சாம்போவையும் தயக்கமின்றித் தன் கலையோடு கலந்துகொண்ட ரோல்ஸ் 1982-இல் விபத்தில் இளமையிலேயே இறந்துபோனவர். பிற கலைகளின் பால் கதவைத் திறந்துவைத்த அந்த மனப்பாங்கு மூன்று தலைமுறை கடந்து கார்சியாவிடம் வந்து சேர்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

கார்சியாவின் ஆட்டத்தை வேறுபடுத்திக் காட்டுவது அவர் கற்ற நுட்பங்களின் எண்ணிக்கையன்று, அவர் கைவிட்டவற்றின் எண்ணிக்கை. ஒரு பிடி தன்னைவிடக் கனமான, வலுவான எதிராளியிடமும் பலிக்குமா என்ற ஒரே சல்லடையில் ஒவ்வொன்றையும் சலித்துப் பார்த்து, பலிக்காதவற்றை அவர் ஒதுக்கினார். எதிராளியின் தோளை முதுகுப்புறம் முறுக்கும் கிமுரா போன்ற பிடிகள், தன் அளவுள்ளவரிடம் எளிதாகப் பலித்தாலும் தடித்த கைகளுடைய ஒருவரிடம் வெறும் பலப்பரீட்சையாக முடிந்துவிடும் என்பதால், அவருடைய ஆட்டத்தில் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. கழுத்தோ அப்படியன்று. எவ்வளவு பருத்த உடலாக இருந்தாலும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் கழுத்தின் இரு பக்கங்களிலும்தான் ஓடுகின்றன. இரண்டையும் சரியாக அழுத்தினால் ஏறக்குறைய பத்து விநாடிகளில் நினைவு தவறிவிடும், அதற்கு எந்த உடற்பயிற்சியும் காப்பாகாது. ஆகவே கழுத்தை நோக்கியே அவருடைய எல்லாப் பாதைகளும் சென்றன.

அந்தப் பாதைகளின் தொடக்கம் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்த நிலைதான். பட்டர்ஃப்ளை கார்டு எனப்படும் அந்த நிலையில், உட்கார்ந்திருப்பவர் தன் இரு பாதங்களின் மேற்புறத்தை எதிராளியின் உள்தொடைகளில் கொக்கிபோல மாட்டிக்கொள்கிறார். எதிராளி மண்டியிட்டு நெருங்கினால் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கவிழ்க்கலாம். அதைத் தவிர்க்க அவர் எழுந்து நின்றால், அடியில் நழுவிச் சென்று எக்ஸ் கார்டு அமைக்கலாம். அதில் கீழே படுத்திருப்பவரின் இரு கால்களும் எதிராளியின் ஒரு தொடையை எக்ஸ் வடிவில் குறுக்கே தாங்க, எதிராளியின் மற்றொரு கால் தோளோடு அணைக்கப்படுகிறது. மேலே நிற்பவரின் கால்கள் அகலமாக விரிந்து, ஊன்றி நிற்கும் வலிமையை இழக்கின்றன. நூறு கிலோ எடையையும் கைகளால் தள்ளாமல் கால்களால் நகர்த்த முடிகிறது. எக்ஸ் கார்டைக் கண்டுபிடித்தவர் கார்சியா என்று எழுதுவோர் உண்டு. அதன் கூறுகள் முன்பே இருந்தவை. ஆனால் அதை ஒரு முழுமையான முறையாக வளர்த்து, உலகின் மிகக் கடினமான மேடைகளில் நிரூபித்து, எல்லோரும் கற்கும்படி செய்தவர் அவரே.

எதிராளி விலகாமல் கைகளால் தள்ளவோ பிடிக்கவோ முயன்றால் அங்கே ஆர்ம் டிராக் காத்திருக்கிறது. நீட்டிய கையின் மேற்பகுதியைப் பிடித்துக் குறுக்காக இழுத்துவிட்டு, அந்த இடைவெளியில் தன் உடலையே எதிராளியின் முதுகுப்பக்கம் நகர்த்திவிடுவது அது. ரிபெய்ரோவை வீழ்த்திய வேகத்தின் வேரும் மல்யுத்தத்திலிருந்து வந்த இந்த எளிய அசைவுதான். முதுகை அடைந்ததும் ஒரு கை தோளுக்கு மேலாகவும் மறு கை அக்குளுக்குக் கீழாகவும் சென்று மார்பில் கோத்துக்கொள்கின்றன. கார் இருக்கைப் பட்டியை ஒத்திருப்பதால் இதற்கு சீட்பெல்ட் என்று பெயர். முதுகில் ஏறி இரு கால்களையும் மாட்டினால் நான்கு புள்ளிகள் என்பது கிமோனோ போட்டியின் விதி. எனவே பலரும் கால்களை மாட்டுவதிலேயே குறியாக இருந்தார்கள். கார்சியா அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். மேலுடலோடு தன் மார்பு ஒட்டியிருந்தால் கால்கள் நழுவினாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், மார்பு விலகிவிட்டால் கால்கள் இருந்தும் பயனில்லை என்பது அவருடைய கணக்கு. இன்று எந்த நாட்டின் பயிற்சிக்கூடத்திலும் தொடக்க நிலை மாணவருக்கு இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். இது ஒருவர் வலியுறுத்தி நிலைபெற்ற கருத்து என்பது பலருக்கு நினைவிலில்லை.

மிஞ்சியிருப்பது தலையைத் தாழ்த்தித் தப்பிக்க நினைக்கும் எதிராளி. அவருக்குக் கில்லட்டின் என்னும் கழுத்துப் பிடி. வழக்கமான முறையில் கழுத்தை அணைத்து, முதுகை வளைத்து, இரு கைகளின் முழுப் பலத்தோடும் மேல்நோக்கி இழுப்பார்கள். கார்சியா தன் முழங்கையை எதிராளியின் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்து, எஞ்சியிருந்த சிறு இடைவெளியையும் அடைத்தார். இழுக்க வேண்டிய தேவை குறைந்தது, தோளைச் சுருக்கித் தப்பிக்கும் வழியும் அடைபட்டது. ரசிகர்கள் இதை வேடிக்கையாக மார்செலோட்டின் என்று அழைக்கப்போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உட்கார்ந்தால் கவிழ்ப்பு, எழுந்தால் எக்ஸ், தள்ளினால் முதுகு, குனிந்தால் கழுத்து என்று எதிராளியின் ஒவ்வொரு விடைக்கும் அடுத்த கேள்வி ஆயத்தமாக இருக்கும் வலை இது. நுட்பங்கள் ஐந்தாறுதான், அவற்றுக்கிடையேயான இணைப்புகளே ஆட்டம்.

இந்த வலையின் துணையோடு அவர் ஏடிசிசி-யில் 2003, 2005, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் தன் எடைப்பிரிவில் நான்கு முறை வென்றார். 2009-இல் பார்சிலோனாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாப்லோ போபோவிச்சிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றார். கிமோனோ உலகப் போட்டியில் நடுத்தர எடைப்பிரிவின் பட்டத்தை 2004, 2006, 2009, 2010, 2011 என ஐந்து முறை கைப்பற்றினார். துணியைப் பற்றிக்கொள்வதை நம்பியிராத ஆட்டமாதலால், சீருடை மாறியபோதும் அவர் மாற வேண்டியிருக்கவில்லை. 2011-இல் நாட்டிங்ஹாமில் அவர் பெற்ற கடைசி ஏடிசிசி தங்கத்தில் ஒரு சிறிய முரண்சுவையும் உண்டு. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற லியோ வியெய்ரா, கார்சியா வருவதற்குச் சற்று முன் அலையன்ஸை விட்டுப் பிரிந்து சென்றவர்களில் முக்கியமானவர்.

என்னைப் பொறுத்தவரை பதக்கங்களைவிட அவருடைய சல்லடையின் உண்மையான தேர்வு எடை வரம்பில்லாத பிரிவில்தான் நடந்தது. 77 கிலோ பிரிவின் வீரர் அதில் கலந்துகொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை. இருந்தும் கார்சியா நூறு கிலோவை நெருங்கியவர்களோடும் கடந்தவர்களோடும் மோதினார். 2007-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அந்தப் பிரிவின் இறுதி வரை சென்று, தன்னைவிட மிகவும் கனமான ராபர்ட் டிரைஸ்டேலிடம் டார்ஸ் என்னும் கழுத்துப் பிடியில் சரணடைந்தார். வெள்ளிப் பதக்கம்தான். ஆனால் அந்த அளவுள்ள உடலால் அவ்வளவு தூரம் செல்ல முடியும் என்று காட்டிய பதக்கம் அது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் அவருக்குத் தன் எல்லையும் தெரிந்தது. தென்கொரியாவில் குத்தும் உதையும் அனுமதிக்கப்பட்ட கலப்புச் சண்டையில் கிம் டே-வோனோடு மோதியபோது, இரண்டாம் சுற்றில் முகத்தில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அந்தத் துறையில் அவருடைய முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் அதுவே. எதிராளியின் முன் உட்கார்ந்து கவர்ந்திழுப்பதைத் தொடக்கமாகக் கொண்ட ஒரு முறை, முகத்தில் குத்து விழக்கூடிய இடத்தில் தன் வாசலையே இழந்துவிடுகிறது. அவர் பிடிவாதம் பிடிக்காமல் திரும்பிவிட்டார்.

கார்சியா பயிற்றுநரானது போட்டிகளிலிருந்து விலகிய பிறகு அன்று. உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 2009-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அந்த முயற்சியில் அவருக்குத் துணையாக நின்றவர் ஜாஷ் வெய்ட்ஸ்கின். சிறுவயதில் சதுரங்க மேதையாகப் பெயர் பெற்று, பிறகு தாய் சி என்னும் சீனக் கலையின் தள்ளுகைப் போட்டிகளில் உலகப் பட்டம் வென்று, அதன் பின் கார்சியாவிடம் மாணவராகச் சேர்ந்து கருப்புப் பட்டை பெற்றவர் அவர். உலகப் போட்டியின் முக்கியமான ஆட்டத்துக்குச் சில நிமிடங்கள் முன்புவரை கார்சியா அரங்கில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்ததாக வெய்ட்ஸ்கின் பலமுறை சொல்லியிருக்கிறார். பதற்றமின்மையை இயல்பான வரம் என்று எண்ணிவிடலாம். ஐந்தாறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு தேர்வறைக்குள் போகிறவருக்குக் கவலைப்பட அதிகம் இல்லை என்றும் பார்க்கலாம்.

இருவரும் சேர்ந்து செய்த துணிச்சலான காரியம், அந்தக் கூடத்தில் நடப்பதைக் காணொளியாகப் பதிவுசெய்து சந்தா செலுத்துவோருக்கு இணையத்தில் திறந்துவைத்தது. பாடங்கள் மட்டுமல்ல, கார்சியா தன் மாணவர்களோடு ஆடும் பயிற்சி ஆட்டங்களும் அதில் இடம்பெற்றன. இது எவ்வளவு புதியது என்பது ஜியு-ஜிட்சுவின் பழைய பண்பாட்டை அறிந்தவர்களுக்கே விளங்கும். ரியோவின் கூடங்களில் நுட்பங்கள் குடும்பச் சொத்தைப் போலக் காக்கப்பட்டன. ஓர் ஆசானை விட்டு வேறோர் ஆசானிடம் செல்கிறவரைக் 'கிரியோன்ச்சி' என்று ஏசுவார்கள். துரோகி என்ற பொருளில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அதே கிரேசி குடும்பத்தின் மூத்த ஆசான் கார்ல்சன் கிரேசி. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரத்திலிருந்து அவர் அதை எடுத்தார். அடுத்த கூடத்தின் மாணவன் நம் கூடத்தின் வாசலில் நின்று பார்ப்பதே தவறு என்று கருதப்பட்ட ஒரு மரபில், நடப்பு உலகச் சாம்பியன் ஒருவர் தன் அன்றாடப் பயிற்சியை எதிரிகளும் பார்க்கும்படி வெளியிட்டார். பிறகு அதே எதிரிகளோடு மோதி 2010-லும் 2011-லும் வென்றார்.

இதற்குக் கார்சியாவின் விளக்கமாக வெய்ட்ஸ்கின் கூறுவது எளிமையானது: என் ஆட்டத்தை ஆராய்கிறவர் என் ஆட்டத்துக்குள் நுழைகிறார், அதில் என்னைவிட அவர் தேர்ந்தவராக முடியாது. இது உண்மைதான் என்றாலும் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். ரகசியத்தை நம்பி இயங்கும் ஆட்டம் என்றால், எதிராளி அறியாத ஒரு பொறி அதில் இருக்க வேண்டும். அது வெளியானதும் பயனற்றுப்போகும். கார்சியாவின் வலையில் அப்படி ஒரு பொறி இல்லை. கையை நீட்டினால் ஆர்ம் டிராக் வரும் என்று எதிராளிக்குத் தெரியும். ஆனால் கையை நீட்டாமல் மல்யுத்தம் செய்ய முடியாது. அறிந்தும் தவிர்க்க முடியாதவற்றையே அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார் என்பதால் திறந்துவைப்பதில் அவருக்கு இழப்பு குறைவாகவே இருந்தது. பெரியவர்களிடமும் பலிக்க வேண்டும் என்று வைத்த சல்லடை, தெரிந்தவர்களிடமும் பலிக்கும் ஆட்டத்தையே மிச்சம் வைத்திருந்தது.

கற்பிப்பதற்கும் அதே சல்லடை உதவியது. பெரிய வீரர்கள் பலர் நல்ல பயிற்றுநர்களாக அமையாததற்கு ஒரு காரணம், அவர்களுடைய வெற்றி அவர்களுக்கே உரிய நீண்ட கால்களையோ அசாதாரண நெகிழ்ச்சியையோ சார்ந்திருப்பது. அதை மாணவருக்குக் கொடுக்க வழியில்லை. உடல் வலிமையைச் சார்ந்தவற்றை முன்கூட்டியே களைந்துவிட்ட ஒருவரிடம் எஞ்சுவது பெரும்பாலும் கைமாற்றித் தரக்கூடியதாகவே இருக்கிறது.

இருந்தாலும் அவருடைய புகழ்பெற்ற மாணவர்களைப் பார்க்கும்போது இந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்தவில்லை. அலையன்ஸின் கனமான வீரரான பெர்னார்டோ ஃபாரியா நியூயார்க்குக்கு வந்து அவரிடம் பயின்று, 2015 உலகப் போட்டியில் தன் பிரிவையும் எடை வரம்பில்லாத பிரிவையும் ஒருசேர வென்றார். ஆனால் ஃபாரியாவின் ஆட்டம், எதிராளியின் ஒரு காலை மட்டும் தன் கால்களுக்கிடையே பிணைத்துக்கொள்ளும் அரைக் கார்டு என்னும் நிலையிலிருந்து மெதுவாக நசுக்கிக்கொண்டு முன்னேறுவது, கார்சியாவின் துள்ளலுக்கு நேர் எதிர். மாத்தியுஸ் டினிஸ் 2019-இல் 88 கிலோ பிரிவின் ஏடிசிசி பட்டத்தை, இறுதியில் கிரெய்க் ஜோன்ஸைத் தோற்கடித்து வென்றார். அவரும் ஆசானின் நகல் அல்லர். ஆசானுடைய ஆட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, தனக்குப் பலிப்பது எது என்று சலித்தெடுக்கும் பழக்கத்தையும், அன்றாடம் அவரோடு பயிற்சி விரிப்பில் புரண்டு அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையுமே அவர்கள் அங்கே பெற்றார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

2011-க்குப் பிறகு அவர் களத்திலிருந்து ஒதுங்கியிருந்த காலத்தில் விளையாட்டு வேறு திசையில் நகர்ந்தது. அதே மன்ஹாட்டனில், ரென்சோ கிரேசியின் கூடத்தில் ஜான் டானஹர் பயிற்றுவித்த குழு, கால் மூட்டையும் குதிகாலையும் முறுக்கும் பிடிகளை ஒரு முழு முறையாக வளர்த்து எதிராளிகளைத் திணறடித்தது. அந்தப் பிடிகளின் முக்கியமான வாசல்களில் ஒன்று, ஒற்றைக்கால் எக்ஸ் என்னும் நிலை. எதிராளியைக் கவிழ்ப்பதற்காகக் கார்சியா பரப்பிய எக்ஸ் கார்டின் நெருங்கிய உறவு அது. அவர் கவிழ்ப்பதற்குப் பயன்படுத்திய நிலையில் நின்றுகொண்டே அடுத்த தலைமுறை குதிகாலைப் பிடித்தது. கழுத்தை மட்டும் நோக்கிச் சென்ற முறை பழையதாகிவிட்டதா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது.

இதற்கிடையே ஹவாய்க்கு இடம்பெயர்ந்திருந்த கார்சியாவுக்கு 2023-இல் இரைப்பைப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. வேதிச்சிகிச்சை உள்ளிட்ட கடுமையான சிகிச்சைக்குப் பின் நோய் நீங்கியதாக அறிவித்தார். 2025 ஜனவரி 24 அன்று, நாற்பத்திரண்டு வயதில், பாங்காக்கில் ஒன் சாம்பியன்ஷிப் என்னும் சண்டைப் போட்டி நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அவர் மீண்டும் களமிறங்கினார். எதிரே நின்றவர் ஜப்பானின் மசகாஸு இமனாரி. நின்ற நிலையிலிருந்து உருண்டு வந்து காலைப் பறிக்கும் அசைவுக்குத் தன் பெயரையே தந்த அவர், கால் பிடிகளில் டானஹரின் குழுவுக்கெல்லாம் மூத்தவர். கார்சியா கால்களைக் கடந்து மேலேறி, எதிராளியின் தலைமாட்டிலிருந்து அவர் கால்களின் பக்கம் நோக்கிக் கவிழ்ந்து படுத்து, கழுத்தைச் சுற்றிய கையை மெல்ல இறுக்கி, தன் எடையைச் சிறிது சிறிதாக அதன் மேல் இறக்கினார். இமனாரி தட்டிச் சரணடைந்தார். வடக்கு-தெற்கு என்று அழைக்கப்படும் அந்தப் பிடியை எப்படிப் போடுவது என்று கார்சியா பல ஆண்டுகளாக யார் கேட்டாலும் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.